கழுத்து திரும்பினது பேயால இல்ல: மாத்திரை மூளைக்குள்ள என்ன பண்ணுது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

வழக்கமா இங்க நாம கோடிங், கம்பெனி, இன்டர்வியூ இதைப் பத்தித்தான் பேசுவோம். இன்னைக்குக் கொஞ்சம் வேற.

போன மாசம் ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு என் சித்தி பொண்ணு தேனியில இருந்து போன் பண்ணா. பி.எஸ்ஸி. நர்சிங் மூணாவது வருஷம். "அண்ணே, நாளைக்கு மென்டல் ஹெல்த் நர்சிங் வைவா. டோபமைனுக்கு நாலு பாதைன்னு புக்குல இருக்கு. மனப்பாடம் பண்ணிட்டேன். ஆனா எதுக்குப் படிக்கிறேன்னே புரியல. நீதான் எல்லாத்தையும் படம் போட்டு விளக்குவியே, சொல்லு"ன்னா.

நான் டாக்டர் இல்ல, அதை முதல்லயே சொல்லிடுறேன். இந்த எபிசோடைக் கேட்டுட்டு யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. ஆனா இந்த விஷயத்தை நான் எட்டு வருஷமா படிச்சுக்கிட்டு இருக்கேன். அதுக்குக் காரணம் என் மாமா.

எட்டு வருஷத்துக்கு முன்னாடி நான் காலேஜ் லீவுக்குச் சின்னமனூர் போயிருந்தேன். மாமா, எங்க அம்மாவோட தம்பி, அப்போ முப்பது வயசு. குத்தகைக்குத் திராட்சைத் தோட்டம் பார்த்துக்கிட்டு இருந்தார். ரெண்டு மாசமா சரியாத் தூங்கல. தோட்டத்துல வேலை செய்றவங்க எல்லாம் தன்னைப் பத்தியே பேசுறாங்கன்னு சொன்னார். யாரும் இல்லாதப்ப குரல் கேட்குதுன்னார். ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. ஒரு ஊசி போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினாங்க.

மூணாவது நாள் சாயங்காலம் மாமாவோட கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. கண்ணு ரெண்டும் மேல சொருகி அப்படியே நின்னுடுச்சு. வாய் கோணி, நாக்கு வெளிய தள்ளி, பேச்சு வரல. பாட்டி பார்த்தாங்க, "முனி அடிச்சிருச்சு"ன்னு அலறிட்டாங்க. கோடாங்கியைக் கூப்பிட ஆள் போயிருச்சு. உடுக்கைச் சத்தமும் கேட்க ஆரம்பிச்சிருச்சு.

அப்பத்தான் எதிர்வீட்டு அக்கா வந்தாங்க. ஸ்டாஃப் நர்ஸ், நைட் டியூட்டிக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தவங்க. கூட்டத்தை விலக்கிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "புதுசா ஏதாவது ஊசி, மாத்திரை ஆரம்பிச்சீங்களா? சீட்டை எடுங்க." பார்த்தாங்க. "இது மருந்தால வந்தது. ஒரு ஊசியில சரியாயிரும், ஆட்டோ பிடிங்க"ன்னாங்க. ஆஸ்பத்திரியில ஊசி போட்டு இருபது நிமிஷத்துல கழுத்து நேராயிருச்சு.

நல்லபடியா முடிஞ்ச கதை மாதிரி இருக்குல்ல? இல்ல. மாமா அன்னைக்கு ராத்திரி சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு: "எனக்கு எல்லாம் கேட்டுச்சுடா. பேய்னு நீங்க சொன்னதும் கேட்டுச்சு. பதில்தான் சொல்ல முடியல." அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் அவர் எந்த மாத்திரையையும் தொடல. குரல்கள் திரும்பி வந்துச்சு. குத்தகை போச்சு. பேசி முடிச்சிருந்த கல்யாணம் நின்னுச்சு.

முதல் ஊசி போட்ட அன்னைக்கே யாராவது ஒரு நிமிஷம் உட்கார்ந்து, "இந்த மாதிரி கழுத்து இழுக்கலாம், பயப்படாதீங்க, உடனே வாங்க"ன்னு சொல்லியிருந்தா? இன்னைக்கு எபிசோடு முழுக்க அந்த ஒரு நிமிஷத்தைப் பத்தித்தான். அந்த நிமிஷத்தைப் பெரும்பாலும் கொடுக்கப் போறது டாக்டர் இல்ல, நர்ஸ்.

நாலு வாய்க்கால்

மூளையில சுமார் 8,600 கோடி நியூரான் இருக்கு. ஒரு நியூரானும் அடுத்த நியூரானும் பெரும்பாலும் ஒட்டிக்கிட்டு இருக்காது. நடுவுல ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரமா வெட்டினா எவ்வளவோ அவ்வளவு இடைவெளி. அதுக்குப் பேர் சினாப்ஸ். செய்தி நியூரானுக்குள்ள மின்சாரமா ஓடி வரும், இந்த இடைவெளியை மட்டும் ரசாயனமா மாறித் தாண்டும். டோபமைன், செரட்டோனின், அசிட்டைல்கோலின், காபா எல்லாம் அந்த ரசாயனங்கள்தான். அந்தப் பக்கம் அதைப் பிடிக்கிற இடம் ரிசெப்டார். மனநல மருந்துகள்ல பெரும்பாலானது இந்த இடைவெளியிலதான் வேலை செய்யுது.

தங்கச்சிகிட்ட நான் முதல்ல, "டோபமைன் ஒரு குளோபல் வேரியபிள் மாதிரி. ஒரு இடத்துல மாத்தினா எல்லா ஃபங்ஷனும் பாதிக்கும்"னு ஆரம்பிச்சேன். "அண்ணே, எனக்கு வைவா நாளைக்கு"ன்னா. சரின்னு ஊர் கணக்குக்கு வந்தேன்.

முல்லைப் பெரியாறு தண்ணி கம்பம் பள்ளத்தாக்குல பல வாய்க்காலாப் பிரிஞ்சு வயலுக்குப் போகுதுல்ல? தண்ணி ஒண்ணுதான், பாயிற வயல் வேற வேற. டோபமைனும் அப்படித்தான்.

முதல் வாய்க்கால், மீசோலிம்பிக். எது முக்கியம், எதைக் கவனிக்கணும்னு மனசுக்குச் சொல்ற பாதை. இங்க டோபமைன் அளவுக்கு மீறினா, சம்பந்தமே இல்லாத விஷயமும் தன்னைப் பத்தினதாத் தோணும். சந்தேகம், குரல் கேட்கிறது எல்லாம் இதோட சம்பந்தப்பட்டது. ரெண்டாவது, மீசோகார்டிகல். யோசிக்கிறது, திட்டம் போடுறது, ஆர்வம். மூணாவது, நைக்ரோஸ்ட்ரையேட்டல். உடம்பு அசைவைச் சீராக்குறது. நாலாவது, டியூபரோஇன்ஃபண்டிபுலர். பால் சுரக்க வைக்கிற ப்ரோலாக்டின் ஹார்மோனை அடக்கி வைக்கிறது.

ஹாலோபெரிடால் மாதிரி மருந்து டோபமைனோட டி2 ரிசெப்டாரை அடைக்கும். அதாவது வயலோட மடையை மூடும். நமக்கு மூட வேண்டியது முதல் வாய்க்கால்ல மட்டும்தான். ஆனா மாத்திரைக்கு வயல் அடையாளம் தெரியாது. நாலுலயும் மூடிடும்.

முதல் வாய்க்கால்ல மூடினா குரல் குறையும், அது நமக்கு வேணும். ரெண்டாவதுல மூடினா ஆள் மந்தமா, ஆர்வமில்லாம இருக்கலாம். வீட்டுல அதைச் "சோம்பேறி"ன்னு திட்டுவாங்க. மூணாவதுல மூடினா கை நடுக்கம், உடம்பு விறைப்பு, கழுத்து இழுக்கிறது. நாலாவதுல மூடினா ப்ரோலாக்டின் ஏறி, பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், சில பேருக்குப் பால் சுரக்கும். கல்யாணம் ஆகாத பொண்ணு இதை யார்கிட்ட சொல்லும்? டாக்டர்கிட்ட சொல்லாது, அம்மாகிட்டயும் சொல்லாது. பேசாம மாத்திரையை நிறுத்திடும். நர்ஸ் கேட்டாத்தான் வெளிய வரும்.

ஆக, நாலு பாதையை மனப்பாடம் பண்றது வைவாவுக்காக மட்டும் இல்ல. பேஷன்ட்கிட்ட கேட்க வேண்டிய நாலு கேள்விதான் அந்த நாலு பாதை.

மலையடிவார வேரும் முயலும்

அசைவுக்கும் டோபமைனுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? அந்தக் கதையில நம்ம ஊர்ச் செடி ஒண்ணு இருக்கு. சர்ப்பகந்தா. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரங்கள்லயும் வளர்ற செடி. அதோட வேரைப் பல காலமா நம்ம நாட்டுல மனக்கோளாறுக்குக் கொடுத்திருக்காங்க. 1931-ல கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ரெண்டு பேரும் இந்த வேர் ரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் வேலை செய்யுதுன்னு கட்டுரை எழுதினாங்க. 1952-ல சுவிட்சர்லாந்துல சீபா கம்பெனி அதுல இருந்து ரிசர்பின்ங்கிற பொருளைப் பிரிச்செடுத்தது.

ஸ்வீடன்ல அர்விட் கார்ல்சன்னு ஒரு விஞ்ஞானி 1957-ல முயலுக்கு ரிசர்பின் கொடுத்துப் பார்த்தார். முயல் அசையாமப் படுத்துடுச்சு. டோபமைனா மாறக்கூடிய எல்-டோபாவைக் கொடுத்ததும் எழுந்துடுச்சு. அசைவுக்கு டோபமைன் வேணும்ங்கிறது அப்படித்தான் தெளிவாச்சு. அவருக்கு 2000-ல நோபல் பரிசு. அதே காலத்துல, 1952-ல, பாரிஸ்ல குளோர்ப்ரோமசின் மனநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டு பெரிய மாற்றம் வந்துச்சு. 1958-ல ஹாலோபெரிடால் உருவாச்சு.

யோசிச்சுப் பாருங்க. மாமா கழுத்துக்கான விளக்கம் அத்தனை வருஷமா புக்குல இருக்கு. எங்க வீட்டுத் திண்ணைக்கு அது வந்து சேரல.

தோட்டத்து விஷமும் அதே கணக்குதான்

அந்த இருபது நிமிஷ ஊசி என்ன? இதைத் தங்கச்சிக்கு விளக்குறது ரொம்ப சுலபமா இருந்துச்சு. ஏன்னா விவசாய மாவட்டத்துல நர்சிங் படிக்கிறவங்க கேஷுவால்டி போஸ்டிங்ல பூச்சிமருந்து பாதிப்பைப் பார்க்காம இருக்க மாட்டாங்க. தோட்டத்துல வெறும் கையோட, மூக்கை மூடாம மருந்தடிச்சவர் வருவார். ஆர்கனோபாஸ்பேட் வகை. வாயில எச்சில் ஒழுகும், வேர்த்துக் கொட்டும், கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கும், வயித்தால போகும். காரணம், அசிட்டைல்கோலினை உடைக்கிற நொதியை அந்த விஷம் முடக்கிடுது. அசிட்டைல்கோலின் உடம்பெல்லாம் தேங்கிடுது. அதை எதிர்க்க அட்ரோபின் கொடுப்பாங்க.

இப்ப மூளைக்கு வாங்க. அசைவைப் பார்த்துக்கிற இடத்துல டோபமைனும் அசிட்டைல்கோலினும் தராசோட ரெண்டு தட்டு. மருந்து டோபமைனைத் தடுத்ததும் அசிட்டைல்கோலின் பக்கம் இறங்கிடும், தசை இழுத்துக்கும். அப்ப அசிட்டைல்கோலினைக் கொஞ்சம் தடுத்தா தராசு நேராயிடும். ப்ரோமெத்தசின் ஊசி, ட்ரைஹெக்சிஃபெனிடில் மாத்திரை எல்லாம் செய்றது அதைத்தான். அட்ரோபினுக்குத் தம்பி மாதிரின்னு வச்சுக்கோங்க. அதனால அட்ரோபின் கொடுத்தா வர்ற அதே தொல்லைகள் இதுலயும் லேசா வரும்: வாய் காயும், மலச்சிக்கல், பார்வை மங்கும், வயசானவங்களுக்குச் சிறுநீர் அடைக்கும், குழப்பம்கூட வரலாம்.

இன்னொண்ணு. இந்தக் கழுத்து இழுப்பு பெரும்பாலும் முதல் நாலஞ்சு நாளுக்குள்ள வரும், இளவயசு ஆண்களுக்கு அதிகம். குரல்வளைத் தசை இழுத்துக்கிட்டா மூச்சுக்கே ஆபத்து. அதனால "தானா சரியாயிரும்"னு உட்கார்ந்திருக்கக் கூடாது. அதோட, உடம்பு விறைச்சு, கூடவே கடுமையான காய்ச்சல், வேர்வை, மனக்குழப்பம்னு சேர்ந்து வந்தா அது வேற ஆபத்து. அப்ப ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது.

"பத்து நாள் ஆச்சு, ஒண்ணும் தெரியல"

அடுத்தது மனச்சோர்வுக்குக் கொடுக்கிற ஃப்ளூவாக்செட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம். இவை இடைவெளியில இருக்கிற செரட்டோனினை நியூரான் திரும்ப உள்ள இழுத்துக்காம தடுக்கும். தடுக்கிறது முதல் நாள்லயே ஆரம்பிச்சிடும். ஆனா மனசு தேற ரெண்டு வாரத்துல இருந்து ஆறு வாரம்கூட ஆகும். ஏன்? மூளை ஒரு கம்ப்யூட்டர் இல்ல, பட்டனை அழுத்தினதும் மாற. மருந்துக்கு ஏத்த மாதிரி ரிசெப்டார்களும் தொடர்புகளும் மெதுவாத் தங்களை மாத்திக்குது. இதை நான் சொல்றப்ப என் கம்ப்யூட்டர் உதாரணம் எல்லாம் படுத்துடுது, ஒத்துக்கிறேன்.

"செரட்டோனின் குறைஞ்சா மனச்சோர்வு, மாத்திரை அதை நிரப்புது"ன்னு சொல்றதையும் நிறுத்தணும். அந்த எளிய கணக்குக்கு உறுதியான ஆதாரம் இல்லைன்னு 2022-ல வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு காட்டுச்சு. ஆனா அதுக்கு "மாத்திரை வேலை செய்யாது"ன்னு அர்த்தம் இல்ல. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கேட்கும்; அதுக்காக உடம்புல பாராசிட்டமால் குறைஞ்சதாலதான் காய்ச்சல் வந்துச்சுன்னு சொல்ல மாட்டோம்ல?

உடம்புல இருக்கிற செரட்டோனின்ல பெரும்பகுதி குடல்லதான் இருக்கு. அதனால முதல் வாரம் குமட்டல், வயித்துப் பிரட்டல் வரும். பலன் ஆறு வாரத்துல, தொல்லை முதல் வாரத்துல. இதைச் சொல்லாம அனுப்பினா எந்த மனுஷனும் பத்தாவது நாள் நிறுத்திடுவான். இளவயசுக்காரங்களுக்கு ஆரம்ப வாரங்கள்ல படபடப்பு கூடலாம், சாகணும்ங்கிற எண்ணம்கூட வரலாம். அதனால அந்த வாரங்கள்ல வீட்டுல ஒருத்தர் பக்கத்துல இருக்கணும். இதையும் வாய்விட்டுச் சொல்லணும்.

சித்திரை வெயிலும் லித்தியமும்

இப்ப, தேனி மாவட்டத்துல வேலை பார்க்கப் போற நர்ஸ் கண்டிப்பாத் தெரிஞ்சிருக்க வேண்டிய மருந்து: லித்தியம். 1949-ல ஆஸ்திரேலியாவுல ஜான் கேட்ங்கிற டாக்டர் இதைப் பத்தி எழுதினார். மனநிலை மாறி மாறி உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் போற பைபோலாருக்கு இன்னைக்கும் முக்கியமான மருந்து. ஆனா நல்லது பண்ற அளவுக்கும் விஷமாகிற அளவுக்கும் நடுவுல வரப்பு ரொம்பக் குறுகல். ரத்தத்துல 0.6-ல இருந்து 1.2 வரை இருக்கணும். 1.5-ஐத் தாண்டினா ஆபத்து. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சுத்தான் ரத்தம் எடுக்கணும்.

லித்தியமும் உப்புல இருக்கிற சோடியமும் ஒரே குடும்பம். உடம்புல உப்பும் தண்ணியும் குறைஞ்சா சிறுநீரகம் சோடியத்தைச் சேர்த்து வைக்கும், கூடவே லித்தியத்தையும் சேர்த்து வச்சிடும். இப்ப நம்ம ஊரை நினைச்சுப் பாருங்க. சித்திரை வெயில்ல வேர்த்து ஊத்த வேலை செய்ற ஆள். வீரபாண்டித் திருவிழாவுக்கு விரதம் இருக்கிறவங்க. கம்பம், உத்தமபாளையத்துல ரம்ஜான் நோன்பு பிடிக்கிறவங்க. வயித்தால போய்ப் படுத்திருக்கிறவங்க. உடம்பு வலிக்குதுன்னு மெடிக்கல்ல டைக்ளோபெனாக் வாங்கிப் போடுறவங்க. அந்த வலி மாத்திரையும் லித்தியத்தை வெளியேற விடாது. மாத்திரை அளவு மாறவே இல்ல, ஆனா ரத்தத்துல லித்தியம் ஏறிடும்.

அப்ப எப்படி இருப்பாங்க? கை நல்லா நடுங்கும், வாந்தி, வயித்துப்போக்கு, நாக்கு குழறும், நடை தள்ளாடும். பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? "குடிச்சிருக்கான்." மாமாவுக்குப் பேய்னாங்க, இவருக்குக் குடின்னுவாங்க. ரெண்டு இடத்துலயும் கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: "என்ன மாத்திரை போடுறீங்க? சீட்டு இருக்கா?"

குளோசபின்லயும் இதே கணக்கு. மத்த மருந்து கேட்காதவங்களுக்குக் கொடுக்கிற வலுவான மருந்து. ஆனா சில பேருக்கு வெள்ளையணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைச்சிடும். அதனாலதான் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை. குளோசபின் போடுறவர் காய்ச்சல், தொண்டை வலின்னு வந்தா அது சாதாரணச் சளிக்காய்ச்சல்னு அனுப்பக் கூடாது. அன்னைக்கே ரத்தம் பார்க்கணும். மலச்சிக்கலையும் லேசா எடுத்துக்கக் கூடாது.

அந்த ஒரு நிமிஷம்

2015-16 தேசிய மனநல ஆய்வு என்ன சொல்லுதுன்னா, இந்தியாவுல மனநலப் பிரச்சினை உள்ளவங்கள்ல, நோயைப் பொறுத்து, 70-ல இருந்து 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரல. சேர்ந்தவங்கள்லயும் என் மாமா மாதிரி எத்தனை பேர் பாதியில விட்டுட்டாங்க? க.விலக்குல அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, மாவட்ட மனநலத் திட்டம் இருக்கு. மருந்து அங்க இருந்து வீடு வரைக்கும் வந்துடும். வீட்டுக்குள்ள அது நிக்கணும்னா யாராவது பேசணும்.

அந்த எதிர்வீட்டு அக்காதான் ஒன்றரை வருஷம் கழிச்சு மாமாவைத் திரும்பக் கூட்டிட்டுப் போனாங்க. உட்கார வச்சு, "அன்னைக்கு உங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லட்டுமா?"ன்னு ஆரம்பிச்சாங்களாம். வேற மருந்து, குறைஞ்ச அளவுல ஆரம்பிச்சாங்க. இப்ப மாமா மாசாமாசம் தானே போய் மாத்திரை வாங்கிக்கிறார். பழைய தெம்பு முழுசா வரல. ஆனா தோட்ட வேலைக்குப் போறார். சட்டைப் பையில மருந்துச் சீட்டு எப்பவும் இருக்கும், பிளாஸ்டிக் கவர் போட்டு.

தங்கச்சி வைவா என்னாச்சுன்னு கேட்பீங்க. நாலு பாதையை யாரும் கேட்கவே இல்லையாம். லித்தியத்துக்கு எப்ப ரத்தம் எடுக்கணும்னு கேட்டாங்களாம். பாஸ் பண்ணிட்டா. ஆனா போன வாரம் வார்டு போஸ்டிங்ல இருந்து போன் பண்ணிச் சொன்னது வேற. முதல் தடவை ஊசி போட்ட ஒரு பையனோட அம்மாகிட்ட போய், "அம்மா, ரெண்டு மூணு நாள்ல தம்பிக்குக் கழுத்து இழுத்தாலோ கண்ணு சொருகினாலோ பயந்துடாதீங்க. பேய் இல்ல, மருந்தால வர்றது. உடனே இங்க கூட்டிட்டு வாங்க, சரியாயிரும்"னு சொன்னாளாம். அந்தம்மா தெரிஞ்சவங்ககிட்ட ஒரு துண்டுத் தாள்ல அதை எழுதி வாங்கிக்கிட்டாங்களாம்.

நீங்களோ, வீட்டுல யாராவதோ கஷ்டத்துல இருந்தா, 14416 டெலி மானஸ். 2022 அக்டோபர் 10-ல ஆரம்பிச்ச அரசு சேவை. இலவசம், 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம். இந்த எபிசோடை நர்சிங் படிக்கிற ஒருத்தருக்காவது அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.